முட்டி வலிக்கு ஊசி போடுறதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் படிங்க



தைப்பூசம் நெருங்குது. பத்துமலையில 272 படி ஏறணும்னு வேண்டிக்கிட்டவங்க பல பேரு இப்பவே முட்டியைத் தடவிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம மடப்பள்ளியில 18 வருஷமா காய் நறுக்குற அக்காவை உங்களுக்குத் தெரியும். பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. போன வருஷம் ஒரு அன்னதானத்தன்னைக்கு அவங்களால தரையிலிருந்து எழுந்திருக்க முடியல. ரெண்டு பேரு கை கொடுத்துத் தூக்கிவிட்டோம். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாங்க. ஒரு தனியார் மையத்துல 'ஸ்டெம் செல்' ஊசி போட்டா தேய்ஞ்ச முட்டி திரும்ப வளருமாம், ஆபரேஷனே வேணாமாம். ரெண்டு முட்டிக்கும் 22,000 வெள்ளி. அந்த வாரத்துக்குள்ள முன்பணம் கட்டினா தள்ளுபடி.

நாங்க என்ன செஞ்சோம்? ஒரு கேள்வி கேக்கல. உடனே வாட்சாப் குழுவுல வசூல் ஆரம்பிச்சிட்டோம். ரெண்டே நாள்ல 3,400 வெள்ளி சேர்ந்துச்சு. மிச்சத்துக்கு அக்கா ஈபிஎஃப் பணத்தை எடுக்கத் தயாரா இருந்தாங்க. குழுவுல இருக்கிற பிசியோ தம்பிதான், "முதல்ல அரசாங்க டாக்டரைப் பாருங்கண்ணே" என்று தடுத்தாரு. எங்கள்ல சில பேருக்கு அப்போ அவர் மேல கோபம்தான்.

அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளி. அங்கே கடிதம் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி. காத்திருந்தது சில வாரம். எக்ஸ்ரே பார்த்துட்டு டாக்டர் சொன்னாரு: தேய்மானம் நடுத்தரம், இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்ல. தேய்ஞ்ச குருத்தெலும்பை ஸ்டெம் செல் ஊசி மறுபடி வளர்த்துடும்னு இன்னும் உறுதியா நிரூபிக்கப்படல.

அப்போ பிஆர்பி ஊசி? அதையும் கேட்டோம். நம்ம கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷின்ல வேகமா சுத்தி, தட்டணுக்கள் அதிகமா இருக்கிற பகுதியை மட்டும் பிரிச்சு முட்டியில போடுறது. சில ஆய்வுகள்ல பலன் தெரிஞ்சிருக்கு. ஆனா 2021-ல வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுல 288 பேரைப் பாதிப் பாதியா பிரிச்சு, ஒரு பாதிக்கு இந்த ஊசி, இன்னொரு பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு வலியில பெரிய வித்தியாசம் இல்ல. அதனால பிஆர்பி போடவே கூடாதுன்னு நாங்க சொல்லல. கடன் வாங்கிப் போடுற அளவுக்கு அது உறுதியான வைத்தியம் இல்லன்னுதான் சொல்றோம்.

அக்காவுக்குக் கிடைச்ச வைத்தியம் ரொம்ப சாதாரணம். தொடைத் தசைக்குப் பயிற்சி: நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி, கொஞ்ச நேரம் பிடிச்சு, மெதுவா இறக்கணும். தினமும் செய்யணும். அப்புறம் எடை. உடம்புல 1 கிலோ குறைஞ்சா, நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையுமாம். அக்கா ஆறு மாசத்துல 5 கிலோ குறைச்சாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க.

மூணாவதா டாக்டர் சொன்னதுதான் எங்களுக்குச் சுருக்குன்னு தைச்சுது. "தரையில குந்தி வேலை செய்யக் கூடாது." 18 வருஷமா அக்காவைத் தரையில உக்கார வெச்சது யாரு? நாங்கதான். "அக்கா மாதிரி சேவை செய்ய ஆள் இல்ல" என்று மாலை போட்டோம், ஒரு நாற்காலி போடல.

முதுகு வலிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. போன மாசம் அரிசி மூட்டை தூக்கி ஒரு தம்பிக்கு டிஸ்க் விலகிடுச்சு. பயந்துடாதீங்க. பெரும்பாலும் சில வாரத்திலிருந்து ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஆபரேஷன் இல்லாமலே குணமாகும். படுத்தே கிடக்காம, முடிஞ்ச அளவு நடக்கணும். ஆனா சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்குல மரத்துப்போனாலோ, கால் பலம் குறைஞ்சாலோ அன்னைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடணும். அதுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வீட்டுல இருக்கக் கூடாது.

அக்காவுக்கு வலி முழுசா போகல, உண்மையைச் சொல்லணும். ஆனா யாரும் கை கொடுக்காம எழுந்திருக்காங்க. ஈபிஎஃப் பணம் அப்படியே இருக்கு. வசூல் பணத்தை, கொடுத்தவங்க சம்மதத்தோட, மடப்பள்ளிக்கு உயரமான மேசையும் நாற்காலியும் வாங்கப் பயன்படுத்தினோம். அரிசி மூட்டைக்குத் தள்ளுவண்டியும் வாங்கியாச்சு. இனி மூட்டையைத் தனி ஆளா யாரும் தூக்க வேணாம்.

வலி இருக்கிறவங்க மறைக்காம எங்ககிட்ட சொல்லுங்க. கிளினிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்கோம். முருகன் கொடுத்த காலு, அவன் படி ஏறுறதுக்காகவாவது பத்திரமா வெச்சுக்குவோம்.

வேலும் மயிலும் துணை.