ஒழுங்கையின் முடிவில்

2014 இல், பேராதனையிற் பட்டம் பெற்ற கையோடு ஆசிரியப் பணி ஏற்றுக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஓர் அறை. யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஹந்தானை மலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெருந்தண்டனையாகவே இருந்தது.

காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் தண்டவாளத்தைத் தாண்டிக் கடலில் முடிகின்றன. அதைக் கண்டுகொண்ட மாலையில்தான் இந்நகரம் எனக்கும் உரியதாயிற்று. கரைக் கற்களில் அமர்ந்து, பாணந்துறைப் பக்கம் போகும் ரயிலின் வாசலில் தொங்கிச் செல்லும் உழைப்பாளரைப் பார்த்திருப்பேன். பின்னர், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். அதன்பின் சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ. காசில்லாதவனுக்கு இது குறைந்த இன்பமன்று.

தேநீர் கொண்டுவருபவன் ஹற்றன் பக்கத்துத் தோட்டச் சிறுவன், வயது 15. "இன்னைக்கு என்னா பாடம் சேர்?" என்று நாள்தோறும் கேட்பான். குறளொன்றைச் சொன்னால், மேசையைத் துடைத்தபடியே திருப்பிச் சொல்வான். என் வகுப்பில் அவன் வயதினர் 40 பேர். ஒருவனும் அவ்வாறு கேட்டதில்லை. 14 நிறைந்தவனை வேலைக்கு வைப்பது அன்றைய சட்டப்படி குற்றமன்று. அவ்வெல்லை 16 ஆனது 2021 இல்தான். என் நாளின் இனிய பொழுது, அவனுடைய வேலைநாளின் பன்னிரண்டாவது மணித்தியாலம்.

ஒருநாள் பழைய தமிழ்ப் பாடநூலொன்றைக் கொடுத்தேன். முதலாளி காணாதபடி சீனி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தான்.

மறுமாதம் அவன் அங்கில்லை. வேறு கடைக்குப் போய்விட்டான் என்றார்கள். மூட்டையின் பின்னால் எட்டிப் பார்த்தேன், நூலும் இல்லை.