பாவாடை கட்டிய தீயணைப்பு வீரர்

அமெரிக்காவில் குழந்தைகள் வேஷம் போடும் நாள் என்றால் நம்மில் பலருக்கு அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன்தான் நினைவுக்கு வரும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்கள், எலும்புக்கூடும் சூனியக்காரியுமாகப் பிள்ளைகள் வாசலில் வந்து மிட்டாய் கேட்டதைப் பார்த்திருப்பீர்கள். என் மகள் குடியிருக்கும் நியூ ஜெர்சி ஹைலண்ட் பார்க்கில் இன்னொரு வேஷ நாளும் உண்டு. அதன் பெயர் பூரிம். யூதர்களின் பண்டிகை. மாசி அல்லது பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும்.

அந்த ஊரில் ஆசாரமான யூதக் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை ஓய்வு நாளில் அவர்கள் வண்டி ஓட்டுவதில்லை என்பதால், தொழுகைக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே வீடு பார்த்துக்கொள்கிறார்கள். என் மகளின் பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான். மூன்று பிள்ளைகள். பத்து வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், இரண்டு வயதுக் கடைக்குட்டி. என் பேரன் கூப்பிடுவதைக் கேட்டு அந்தப் பிள்ளைகளும் என்னைப் "பாட்டி" என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். இது தெரிந்ததும் அந்தப் பிள்ளைகளின் தாய் ஒரு நாள் கை நிறையத் துணிகளோடு வந்து, "பூரிமுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, உதவி செய்வீர்களா?" என்று கேட்டாள். அந்த மூன்று வாரத்தில் தைத்ததைவிடக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

முதலில் கதை. பைபிள் படித்தவர்களுக்கு எஸ்தர் புத்தகம் தெரிந்திருக்கும். பாரசீக மன்னன் அகாஸ்வேருவின் அரசி எஸ்தர், தான் யூதப் பெண் என்பதை அரண்மனையில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். அமைச்சன் ஆமான் யூதர்களை ஒரே நாளில் கொன்றுவிடத் திட்டம் போட்டு, எந்த நாள் என்று சீட்டுப் போட்டுப் பார்த்தான். சீட்டுக்கு அந்த மொழியில் 'பூர்'. அதிலிருந்துதான் பூரிம் என்ற பெயர். எஸ்தர் உயிரைப் பணயம் வைத்து மன்னனிடம் உண்மையைச் சொல்ல, எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆமான் நட்டு வைத்த தூக்குமரத்தில் அவனே தொங்கினான். அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தில்கூடக் கடவுளின் பெயர் வராது. கடவுள் மறைந்து நின்று காப்பாற்றினார் என்பது அவர்கள் கொள்ளும் பொருள். அரசி மறைத்தாள், கடவுளும் மறைந்திருந்தார், அதனால் அன்றைக்கு நாமும் வேஷத்துக்குள் மறைந்துகொள்கிறோம் என்று காரணம் சொல்கிறார்கள்.

ஆனால் வேஷம் போடு என்று எஸ்தர் புத்தகத்தில் கட்டளை எதுவும் இல்லை. அன்று கட்டாயமான கடமைகள் நான்கு. எஸ்தர் சுருளை இரவிலும் பகலிலும் வாசிக்கக் கேட்பது, நண்பர்களுக்குத் தின்பண்டம் அனுப்புவது, ஏழைகளுக்குக் கொடுப்பது, விருந்து உண்பது. வேஷம் பிற்காலத்தில் வந்த வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் இருந்த ரபி யூதா மின்ஸ், பூரிமில் முகமூடி போடலாமா, ஆண் பெண் உடையையும் பெண் ஆண் உடையையும் போடலாமா என்ற கேள்விக்கு, அது சந்தோஷத்துக்காகத்தான், தவறில்லை என்று பதில் எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரத்து ரபி மோசே இசர்லசும் அந்த வழக்கத்தை ஏற்றுப் பதிவு செய்தார். பின்னால் வந்த சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆண் உடையைப் பெண்ணும் பெண் உடையை ஆணும் அணியக் கூடாது என்று உபாகமத்தில் நேரடியாகவே இருக்கிறதே, ஒரு நாள் கூத்துக்காக அதை விடலாமா என்பது அவர்கள் வாதம். இன்று ஆசாரமான குடும்பங்களில் பலவும் இந்த இரண்டாம் பக்கம்தான் நிற்கின்றன.

இது ஒரு விதி. இன்னும் சில உண்டு. பெண் குழந்தைக்கு முழங்காலும் முழங்கையும் மூடியிருக்க வேண்டும். ஆட்டு ரோமமும் லினன் நூலும் கலந்த துணி ஆகாது. அதுவும் தோராவில் உள்ள விலக்கு. வேறு மதத்தவரின் பாதிரியார், கன்னியாஸ்திரீ, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷங்கள் கிடையாது. பேய் பிசாசு வேண்டாம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். லுபாவிச் பிரிவைச் சேர்ந்த சில குடும்பங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சின்னக் குழந்தையின் கண்ணில் தாங்கள் உண்ணத் தகாத விலங்கின் உருவமே அடிக்கடி படக் கூடாது என்று நினைப்பவர்கள். அவர்கள் வீட்டில் பன்றிக்குட்டி மட்டுமல்ல, பூனைக்குட்டி வேஷத்துக்கும் இடமில்லை.

கடையில் கிடைப்பதோ முக்கால்வாசி ஹாலோவீனுக்குத் தைத்தவை. நவம்பரில் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். சிக்கனமான தாய்மார்கள் அப்போதே வாங்கி, மார்ச் வரை அலமாரியில் போட்டு வைப்பார்கள். வாங்க முடியாதவர்களுக்காகப் பழைய வேஷ உடைகளை இரவல் கொடுப்பவர்களும் அந்தச் சமூகத்தில் உண்டு. போன வருஷத்து ராஜா இந்த வருஷம் வேறொரு வீட்டில் ராஜாவாக இருப்பார்.

கடைக்குட்டிக்கு ஆட்டுக்குட்டி வேஷம். அதில் பிரச்சினையே இல்லை. வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்த துணியின் லேபிளைப் பார்த்து, முழுக்க பாலியெஸ்டர் என்று உறுதி செய்துகொண்டதோடு சரி.

பெரியவனுக்குப் பிரதான ஆசாரியர் வேஷம். யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் அந்த உடையின் ஒவ்வொரு பாகமும் சொல்லப்பட்டிருக்கிறது. நீல அங்கி, அதன் கீழ் ஓரத்தில் மாதுளம்பழமும் பொன்மணியும் மாறி மாறி, மேலே ஏபோத்து, வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசையில் பன்னிரண்டு கற்கள் பதித்த மார்ப்பதக்கம். என் வாழ்நாளில் இத்தனை தெளிவான தையல் குறிப்பை எந்த வாடிக்கையாளரும் கொடுத்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த ஆசாரியர் ஏபோத்தில் ரோமமும் லினனும் சேர்த்தே நெய்திருக்கும். சாதாரணமாக விலக்கான கலப்பு, ஆலயப் பணியில் அவருக்கு விதி. பத்து வயதுப் பையனுக்கு அது ஆகாது. நாங்கள் சாதாரண பருத்தியில் தைத்தோம்.

சிக்கல் ஏழு வயதுக்காரியிடம்தான். போன வருஷம் அவள் எஸ்தர் ராணி. கிரீடமும் ஜரிகை வைத்த நீளக் கவுனும் அலமாரியில் பத்திரமாக இருந்தன. இந்த வருஷமும் அதையே போட்டால் செலவுமில்லை, சந்தேகமுமில்லை. அவளுடைய அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் அதுதான் விருப்பம். ஆனால் குளிர்காலத்தில் பள்ளிக்கு ஒரு தீயணைப்பு வண்டி வந்து, பிள்ளைகளை ஏற்றிக் காட்டிவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து இவளுக்குத் தீயணைப்பு வீரர் ஆக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தாய் இணையத்தில் தேடிய படங்களை எனக்குக் காட்டினாள். பையன்களுக்கான உடையில் நல்ல நீளக் கோட்டும் கால்சட்டையும். பெண்களுக்கான உடை என்று போட்டிருந்ததில் கையில்லாத சட்டை, தொடை வரை ஒரு குட்டைப் பாவாடை. தீக்குள் போகிறவள் அப்படிப் போவாளா என்று எனக்கே சிரிப்பு வந்தது. "இது அடக்கத்துக்கும் சேராது, தீயணைப்புக்கும் சேராது" என்றாள் அவள்.

"கோட்டு ஆண் உடை ஆகாதா?" என்று கேட்டேன்.

"தீயணைப்பு நிலையத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோட்டுதான். அது ஆண் உடையில்லை, வேலை உடை. கால்சட்டைதான் எங்கள் வீட்டில் பெண்கள் போடுவதில்லை" என்றாள்.

பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தீயணைப்பு வீரரிடம் உனக்கு எதெல்லாம் பிடித்தது, சொல்" என்றாள். குழந்தை விரல் விட்டு எண்ணினாள். சிவப்புத் தொப்பி, தண்ணீர்க் குழாய், கோட்டில் பளபளக்கும் மஞ்சள் பட்டை, பெரிய பூட்ஸ். கால்சட்டை அந்தப் பட்டியலில் வரவேயில்லை.

பையன்களுக்கான உடையை வாங்கி, கால்சட்டையை ஒதுக்கிவிட்டு, கோட்டின் துணிக்கு ஒத்த கறுப்புத் துணியில் நான் பாவாடை தைத்தேன். நிற்கும்போது அளவெடுத்தால் போதாது, உட்காரும்போதும் முழங்கால் மூட வேண்டும் என்று தாய் சொன்னதால், குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து இஞ்ச் டேப் பிடித்தேன். ஓடுவதற்குத் தோதாகப் பின்னால் இரண்டு பெரிய மடிப்பு வைத்தேன். கோட்டில் இருந்தது போன்ற மஞ்சள் பட்டை வாங்கிப் பாவாடையின் அடியிலும் ஓட்டினேன். பார்த்தால் இரண்டும் ஒரே ஜோடியாகத் தைத்தது போலவே இருந்தது.

போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள். திடீரென்று முகம் சுருங்கிவிட்டது. "நிஜத் தீயணைப்பு வீரர் யாரும் பாவாடை கட்டுவதில்லை. வகுப்பில் சிரிப்பார்கள்" என்று அழ ஆரம்பித்தாள்.

நான் ஊசியை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இந்த இடத்தில் பெரியவர்கள் சாதாரணமாக இரண்டில் ஒன்றைத்தான் செய்வோம். விதி என்றால் விதி என்று அதட்டுவோம். இல்லையென்றால், ஒரு நாள்தானே, போகட்டும் என்று விட்டுவிடுவோம். அவள் இரண்டையும் செய்யவில்லை. தரையில் மகளின் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"நிஜத் தீயணைப்பு வீரருக்கு ஏழு வயதா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"முன்பல் இரண்டு விழுந்திருக்குமா?"

அழுகைக்கு நடுவிலேயே குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ அவர்களில் ஒருவரைப் போல ஆகவில்லை. நீயே தீயணைப்பு வீரரானால் எப்படி இருப்பாயோ, அப்படி ஆகியிருக்கிறாய்" என்றாள் தாய். "இது பிடிக்கவில்லை என்றால் ராணி கவுன் இருக்கிறது. எது என்று நீயே சொல். நாளைக்குச் சொன்னால் போதும்."

மறுநாள் காலை பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போதே தொப்பி தலையில் இருந்தது. பூரிமுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, என் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "இப்போது ஏழு வயது. பதினாறு வயதில் கால்சட்டைதான் வேண்டும் என்று வந்து நின்றால்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. கடைசியில், "வந்து நிற்கட்டும். என்னிடம் வந்து நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். இன்று நான் அதட்டியிருந்தால், பதினாறில் என்னிடம் கேட்கவே மாட்டாள்" என்றாள். அந்தப் பதிலில் அவளுக்குப் பயமும் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவள் நானும்தானே.

பூரிம் இரவு என்னையும் தொழுகைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். பெண்கள் பகுதியில் உட்கார்ந்தேன். சுருளின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும் என்பது விதி. ஆனால் ஆமான் பெயர் வரும்போது மட்டும் கிலுகிலுப்பை சுற்றி, காலைத் தரையில் தட்டி, அந்தப் பெயரே கேட்காதபடி கூச்சல் போடலாம். அந்தப் பெயர் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது. பெரியவனின் அங்கியில் நான் தைத்த மணிகள் வாசிப்புக்கு இடைஞ்சல் ஆகுமே என்று, முதல் நாளே ஒவ்வொரு மணிக்குள்ளும் பஞ்சு அடைத்துக் கொடுத்திருந்தேன். வாசிப்பு முடிந்ததுதான் தாமதம், அவனே எல்லாப் பஞ்சையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினான். சின்னவளைத் தேடினேன். ராணிகள் பத்துப் பேருக்கு நடுவில் ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் தனியாகத் தெரிந்தது. அவளைச் சுற்றி நான்கு பெண்கள் நின்று, குழாயை ஒரு தடவை பிடித்துப் பார்க்கக் கொடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் எங்கள் வாசல் மணியை அடித்து, முக்கோண வடிவத்தில் கசகசா வைத்த பிஸ்கட்டும் திராட்சை ரசமும் இருந்த கூடையை நீட்டினாள். என் சமையலறையில் செய்த முறுக்கு அவர்கள் உணவு விதிக்கு ஒத்து வராது என்பதால், நறுக்காத ஆரஞ்சுப் பழங்களை வாங்கி வைத்திருந்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பாவாடையின் அடியில் மூன்று அங்குலம் உள்மடிப்பு விட்டிருக்கிறேன், நீ வளர்ந்ததும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன்.

"அடுத்த வருஷம் நான் வேறு ஆள் ஆகிவிடுவேனே, பாட்டி" என்றாள்.

"ஆகு. துணி அப்போதும் உதவும்" என்றேன்.