படித்தவன் படிக்காதது

மேடையேறிப் பேசுகிறவரை ஊரே பார்க்கிறது. மேடையின் மூலையில் ஒயர்ச் சுருளோடு குந்தியிருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. என் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்த மூலையில்தான் இருக்கிறார். பச்சைமலை அடிவாரத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா, காதணி விழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்செட் வண்டியில் முதலாளியோடு அப்பாவும் போவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓராண்டு அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு, அதன் பிறகே இங்கு இயற்பியல் வகுப்பில் சேர்ந்தேன்.

நண்பர்களே, இன்னிசைக் கச்சேரிக்குப் போனால் மேடையின் இரு பக்கமும் அடுக்கிய பெரிய பெட்டிகள்தாம் நம் கண்ணில் படும். பாடகரின் காலடியில், அவர் முகத்தை நோக்கிச் சாய்ந்து கிடக்கும் சிறிய பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. அதன் பெயர் மானிட்டர். பெரிய பெட்டிகள் நம்மை நோக்கி இருப்பதால் பாடகருக்குத் தம் குரல் தெளிவாகக் கேட்காது. எதிரே மோதித் திரும்பி வருவதே கேட்கும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். எதிர்ச் சுவர் 34 மீட்டர் தள்ளி இருந்தால் குரல் போய்வர 0.2 நொடி ஆகும். அதைக் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் தப்பாமல் என்ன செய்யும்? அவர் குரலை அவருக்கே உடனுக்குடன் கொடுப்பதுதான் மானிட்டரின் வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெறும் ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டி. மிக்ஸரிலிருந்து மானிட்டருக்கென்று புறப்படும் ‘ஆக்ஸ்’ வழி முதலில் ஆம்ப்ளிஃபயருக்குப் போய், அங்கிருந்து தடித்த ஸ்பீக்கர் ஒயரில் இந்தப் பெட்டிக்கு வரவேண்டும். மற்றொன்று, ஆம்ப்ளிஃபயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் பவர் பெட்டி. அதற்கு மின்சாரத்தைத் தனியே கொடுத்துவிட்டு, மிக்ஸரின் ஆக்ஸ் வழியை ஷீல்டு ஒயரில் நேரே கொடுக்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

2024ஆம் ஆண்டு ஆடி மாதம். நான் இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைத்த நேரம். ஓர் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரிக்கு அப்பாவுக்குத் துணையாகப் போனேன். பழைய வெறும் பெட்டிகள் இரண்டோடு, முதலாளி புதிதாக வாங்கிய பவர் பெட்டி ஒன்றும் வந்திருந்தது. அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்புறமெல்லாம் ஆங்கில எழுத்து.

“தம்பி, இது புதுசு. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்துட்டுச் சொருகு” என்றார்.

“எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா” என்றேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 4 ஓம். எங்கள் ஆம்ப்ளிஃபயர் தாங்கும் எல்லையும் அதுவே. மூன்றாவதாக இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 2.67 ஓமாகக் குறைந்து, ஆம்ப்ளிஃபயர் சூடேறிவிடும். ஆனால் பவர் பெட்டிக்குத்தான் சொந்த மின்சாரம் இருக்கிறதே, அதனால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடாதே! மிக்ஸரோ கூட்டத்துக்கு நடுவே இருந்தது. அங்கிருந்து இன்னொரு ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்தே பவர் பெட்டிக்குக் கொடுத்தேன். ஜாக் பின்னும் சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தியது.

பாடகர் வந்து “ஹலோ” என்றார். பெட்டி ஒரு முறை உறுமியது. பிறகு கருகல் நாற்றம். அவ்வளவுதான்.

அன்றிரவு படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு சுமார் 28 வோல்ட். பவர் பெட்டி மிக்ஸரிடம் எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 1 வோல்ட். சுமையைக் கணக்கிட்ட நான் அழுத்தத்தை மறந்துவிட்டேன். ‘லைன் இன்புட்’ என்று சாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருந்தது. படிக்கத் தெரியாதவர் நிறுத்திக் கேட்டார். படிக்கத் தெரிந்தவன் படிக்காமலே செருகினேன்.

முதலாளி ஓடி வந்தார். “எவன்டா மாத்திச் சொருகினது?”

நான் வாயைத் திறக்குமுன் அப்பா முன்னால் வந்தார். “நான்தான் முதலாளி. எழுத்துத் தெரியாம அவசரத்துல சொருகிட்டேன்.”

நான் பேசாமல் நின்றேன். அப்பா வெறும் பெட்டிகள் இரண்டையும் நகர்த்தி, எல்லாப் பாடகர்களுக்கும் கேட்கும்படி வைத்தார். கச்சேரி நடந்தது. பழுது பார்க்க 4,200 ரூபாய் ஆயிற்று. நிகழ்ச்சிக்கு 300 ரூபாய் வீதம் பதினான்கு நிகழ்ச்சிகளில் அப்பாவின் கூலியிலிருந்து பிடித்தார்கள். ஒரு நாளும் அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பதினான்கில் விடுமுறை நாளில் வந்தவற்றுக்கெல்லாம் நானும் கூடப் போனேன். இந்த முறை கேட்டுக் கேட்டுச் செய்தேன். மைக்கின் பின்புறம் மிகக் குறைவாகவே கேட்கும்; மானிட்டரை அந்தப் பக்கத்தில் வைத்தால் ஊளை எழாது. மிக்ஸருக்கும் பவர் பெட்டிக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் ‘உம்’ என்ற இரைச்சல் குறையும். போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபயரும் பவர் பெட்டியும் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ். இவற்றுக்கெல்லாம் என்னால் காரணம் சொல்ல முடியும். ஆனால் செய்முறை அப்பாவுடையது. “ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு ரெண்டு பெட்டி, மூணாவது போட்டாக் கொதிக்கும்” என்று அவர் எப்போதும் சொல்வார். அது ஓம் விதி என்று அவருக்குத் தெரியாது.

1827இல் அந்த விதியை வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். முறையான கல்வி பெறாத அந்தத் தந்தை, தாமாகவே கற்றுத் தம் மகன்களுக்குக் கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு பாடம் ஓடவில்லை.

இப்போது பவர் பெட்டியின் பின்புறம் வெள்ளை டேப் ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன்: ‘மிக்ஸரிலிருந்து வருவது மட்டும்.’ ஆம்ப்ளிஃபயரின் பின்னால்: ‘வெறும் பெட்டிக்கு மட்டும்.’ அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

இந்த மலரின் படி ஒன்றை முதலாளியிடம் கொடுக்கப் போகிறேன். அவரும் தமிழ் படிப்பார். அன்றைக்கு மாற்றிச் செருகியவன் நான்தான்.