இருநூற்றுப் பதினாறு யூனிட்

வரைகலை அட்டை பொருத்திய மேசைக் கணினி ஒன்று முழு மூச்சில் இயங்கினால் 300 வாட் மின்சாரம் இழுப்பது இயல்பு. ஒரு நாளைக்கு 7.2 யூனிட், முப்பது நாளைக்கு 216. பெங்களூரில் வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு இந்த எண் உறுத்தும். 2023இல் கர்நாடக அரசு நடைமுறைப்படுத்திய கிருஹ ஜோதி திட்டத்தில் இலவச மின்சாரத்தின் உச்சவரம்பு மாதம் 200 யூனிட். அதைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு மட்டுமன்றி முழுப் பயன்பாட்டுக்கும் கட்டணம் செலுத்தவேண்டும். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கணினியின் பங்கு மட்டும் 1,296 ரூபாய். உதவித்தொகையில் காலந்தள்ளும் ஆய்வு மாணவருக்கு இது சில்லறைத் தொகையன்று.

இச்செலவை அறிந்தே தம் கணினியை மருத்துவ ஆய்வுக்கு ஒப்படைப்போர் உலகெங்கும் உள்ளனர். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டேயின் ஆய்வுக்குழு தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ இவ்வகைத் திட்டங்களுள் பெயர்பெற்றது. புரதச் சங்கிலி எவ்வாறு மடிகிறது, மடிந்தபின் எவ்வாறு அசைகிறது என்பதை அணு அணுவாகக் கணிக்கும் வேலையைச் சிறு பொதிகளாகப் பிரித்துத் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் புரதங்கள் பிறழ மடிந்து திரள்வதே இவ்வாய்வின் தொடக்கக் கேள்விகளுள் ஒன்று.

இக்கேள்விக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. புரதச் சங்கிலியின் கண்ணிகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வரைபடமாக்கினர். பின்னர் இராமச்சந்திரன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்து மூலக்கூறு உயிரியற்பியல் துறையை நிறுவினார். இன்றும் ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டறிவோர் அதை அவ்வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கின்றனர். கணினி எட்டாப் பொருளாயிருந்த காலத்தில் விளைந்த அறிவு அது. இன்று கணினி ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறது, பெரும்பாலும் சும்மா இருக்கிறது.

2020இன் ஊரடங்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘ஃபோல்டிங் அட் ஹோமில்’ இணைந்தனர். உலகின் முதல் எக்ஸா அளவுக் கணிப்பான் அவ்வாறு வீடுகளிலிருந்து உருவானது. கொரோனா கிருமியின் புரதங்கள் அசைவதை அவர்கள் அனைவரும் சேர்ந்து கணித்த மொத்தக் கால அளவு 0.1 நொடி! ஏளனமாகத் தோன்றலாம். ஆனால் கிருமியின் கூர்முள் புரதம் திறப்பதும், மருந்து பற்றக்கூடிய மறைகுழிகள் தோன்றி மறைவதும் அந்தப் பத்திலொரு நொடிக்குள்தான் தென்பட்டன. காப்புரிமை கோராமல் மருந்து தேடிய ‘கோவிட் மூன்ஷாட்’ முயற்சிக்கும் இக்கணிப்புகள் உதவின.

ஆல்ஃபாஃபோல்டு வந்து, 2024இல் நோபல் பரிசும் பெற்றுவிட்ட பிறகு இதற்கு என்ன தேவை என்று கேட்பது நியாயமே. ஆல்ஃபாஃபோல்டு முதன்மையாகத் தருவது மடிந்து முடிந்த வடிவத்தை. அவ்வடிவம் எப்படி அசைகிறது என்பதைத் தனியே கணித்தறிய வேண்டியிருக்கிறது. ஆகவே அத்தேவை தீர்ந்துவிடவில்லை.

இதனினும் கடினமான மறுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறது. இந்திய மின்தொகுப்பின் சராசரிப்படி ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமிலவாயு. 216 யூனிட்டுக்கு 150 கிலோவுக்குச் சற்று மேல். குளிர்நாட்டுக் கொடையாளர்கள், கணினியின் வெப்பம் அறையையும் சூடாக்குகிறது என்று ஆறுதல் கொள்வதுண்டு. ஏப்ரல் மாதப் பெங்களூரில் அந்த வெப்பத்தை விரட்ட மின்விசிறியையும் சேர்த்து ஓட்டவேண்டும். எனவே பழைய மடிக்கணினியை இரவு பகலாக வாட்டுவதில் பொருளில்லை: மின்சாரத்துக்கு ஈடான வேலை அதில் நடப்பதில்லை. புதிய வரைகலை அட்டை உள்ளவர் இரவில் சில மணி நேரம் தருவது, 200 யூனிட்டுக்குள் அடங்கும் வரை, ஏற்கத்தக்கது.

ஆய்வகக் கணினிகள் இரவெல்லாம் வீணே கிடக்கின்றனவே என்னும் வாதமும் உண்டு. சொந்தக் கணினியில், அல்லது உரியவரின் அனுமதி பெற்ற கணினியில் மட்டுமே இயக்கவேண்டும் என்பது திட்டத்தின் விதி. துறைத்தலைவரிடம் கேளாமல் நிறுவுவது கொடையாகாது. பிறர் வீட்டு நெல்லை அளந்து போடுவதாகும்.

மழைக்கால மாலைகளில் மின்சாரம் போனால் வேலை அழிந்துபோவதில்லை. கடைசியாகச் சேமித்த கட்டத்திலிருந்து மென்பொருள் மீண்டும் தொடங்கும். மின்சாரம் வர வெகுநேரமாகிக் கெடுவும் கடந்துவிட்டால், அதே பொதி வேறெங்கோ விழித்திருக்கும் ஒரு கணினிக்கு அனுப்பப்பட்டுவிடும்.