கிழங்கின் நிறமும் குழந்தையின் கண்ணும்

தைப் பிறப்பன்று நம் வீடுகளில் கரும்பு, மஞ்சளோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் படையலில் வைக்கிறோம். இங்கே கரக்பூரில் வங்காளி அன்பர்களும் பௌஷ சங்கிராந்திக்கு அதே கிழங்கை 'ராங்கா ஆலு' என வாங்கி, மசித்து, தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போடுகிறார்கள். பண்டிகை கழிந்ததும் இரு சாராரும் அதை ஏழைப் பண்டமென்று ஒதுக்கிவிடுகிறோம். அது தகாது என்பதே என் விண்ணப்பம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் விளக்கேற்றும் வேளையில் வாசற்படி தெரியாமல் தடவித் தடவி நடந்தான். வைத்தியர் அது மாலைக்கண், வைட்டமின் 'ஏ' குறைவால் வந்தது என்றார். மருந்து கொடுத்ததும் குணமாயிற்று. அவன் தாயார் என்னிடம், "அண்ணா, பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறானே, சத்து எப்படிக் குறையும்?" என்று கேட்டார். அவ்வினாவே என்னை நூல்களைப் புரட்ட வைத்தது.

விடை எளியது. அரிசியிலும் உருளைக்கிழங்கிலும் அச்சத்து இல்லை. பழகிய கீரை கிடைக்காத ஊரில் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலுமாகக் காலம் தள்ளும் நம்மவர் வீட்டில், வயிறு நிறைந்தும் கண் பட்டினி கிடக்கக்கூடும். குறைவு முற்றினால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடும்.

இங்கேதான் சர்க்கரைவள்ளி உதவுகிறது. ஆனால் எல்லாக் கிழங்கும் உதவாது. தோல் சிவந்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளே வெள்ளையாயிருந்தால் அதில் அச்சத்து மிகச் சொற்பம். சதை ஆரஞ்சு நிறமாயிருக்க வேண்டும். அந்நிறத்தைத் தருகிற பீட்டா கரோட்டினையே நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. கடைக்காரரிடம் ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளைக் கிழங்கே பழகிய மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர், ஹோவர்த் பூயிஸ் என்பவருடன் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றனர். நம் நாட்டிலும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. அதில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. அத்தகைய சிறு கிழங்கு ஒன்றே ஒரு சிறு குழந்தையின் அன்றாடத் தேவைக்குப் போதும்.

சமைப்பதில் சிரமமில்லை. தோலோடு ஆவியில் வேகவைத்து உரித்து, மசித்து, சப்பாத்தி மாவில் பிசையலாம், போளிக்குப் பூரணமாக்கலாம், கடுகு தாளித்துத் தேங்காய் தூவலாம். சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்ப்பது அவசியம்; கொழுப்பின்றி அச்சத்து உடலில் சேராது. இளந்தளிர் இலைகளையும் கீரையாகக் கடையலாம். ஆரஞ்சுக் கிழங்கு அகப்படாத நாளில் காரட், பறங்கிக்காய், கீரை வகைகள் கைகொடுக்கும்.

ஒன்று நினைவிருக்கட்டும். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கொரு முறை அரசாங்கம் அளிக்கும் வைட்டமின் 'ஏ' மருந்தைக் கிழங்கை நம்பித் தவறவிடலாகாது. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

நிற்க. மேற்படி நிலையத்தின் கிளை ஒன்று புவனேசுவரத்தில் இருக்கிறது; நமக்கு அது தொலைவன்று. சங்கத்தார் அங்கு எழுதி நல்ல ரகக் கொடிகளை வரவழைத்து, கொல்லையில் இடமுள்ள அங்கத்தினர்களுக்கு வழங்கலாமே. ஒரு வீட்டில் வேர் பிடித்தால் அக்கொடியைக் கிள்ளியே பத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம்.