ஏப்ரல் 30க்குப் பிறகு – 4: மொன்றியல் துறைமுகம்

மொன்றியலில் கடல் இல்லை, ஆனால் கடற்கப்பல் வருகிறது. அத்திலாந்திக்கிலிருந்து ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் உள்ளே, சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுகம் இது. மலை தேடித் திரிகிற நான் இங்கே வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கும் மச்சாள். மற்றது மணிக்கூட்டுக் கோபுரம்.

பழைய துறைமுகத்தில் வெள்ளையாக நிற்கிறது அது. 45 மீட்டர் உயரம். முதல் உலகப் போரில் மாண்ட வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவாக 1919இல் தொடங்கி 1922இல் கட்டி முடித்தார்கள். உள்ளே 192 படிகள். மேலே போகப் போகப் படிக்கட்டு ஒடுங்குகிறது. முதுகுப் பையோடு ஏறினேன். மச்சாள் வெறுங்கையோடு பின்னால் வந்தாள்.

"ஏறிப்போட்டு இறங்கத்தானே போறாய். பிறகு ஏனடி இந்த விசர் வேலை?"

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் மலைக்குப் போகிறேன் என்றால் அலுவலகத்தில் என்னிடம் கேட்கிற கேள்வி வேறு: "எத்தனை நாள் லீவு?"

கால்களைப் படிக்கட்டில் பழக்கலாம், இரத்தத்தைப் பழக்க முடியாது. எவரெஸ்ட் உச்சியில், 8,849 மீட்டரில், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதைத் தாங்க உடல் சிவப்பணுக்களைக் கூட்ட வேண்டும். கொஞ்சம் ஏறி, இறங்கித் தூங்கி, மறுபடி இன்னும் கொஞ்சம் ஏறி என்று வாரக்கணக்கில் அந்த வேலை நடக்கும். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்த வாரங்களை எளிதாகச் சுருக்க முடியாது. வேலைக்குப் போகிறவளுக்கு மலையில் மிகச் செங்குத்தான இடம் அதுதான். எவரெஸ்டுக்குப் போகும் பெரும்பாலான குழுக்கள் ஏப்ரல் தொடக்கத்தில் நேபாளம் சேர்ந்து மே கடைசியில்தான் திரும்புகின்றன. நானோ ரொறன்ரோவில் வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். கனடாவில் தனிநபர் வரிப் பத்திரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30, சுயதொழில் செய்பவர்களுக்கு ஜூன் 15. எவரெஸ்டின் பருவமும் என் பருவமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. (கியூபெக்கில் மாகாண அரசுக்கும் தனியாக ஒரு பத்திரம் நிரப்ப வேண்டும். அந்த வகையில் நான் மொன்றியலில் பிழைக்க வராதது நல்லது.)

மேல்தட்டில் காற்று பலம். ஒரு பக்கம் ஜாக் கார்ட்டியே பாலம், மறுபக்கம் நகரத்துக்குப் பின்னால் மொன் ரோயல். 233 மீட்டர், இந்த ஊர்க்காரர்களுக்கு அதுவும் மலைதான். அதைப் பார்த்து வளர்ந்தால் மலைப்பித்து வராது என்று நினைக்க வேண்டாம். மொன்றியல்காரியான மோனிக் ரிச்சர்ட் 2018 மே 30இல் கனடாவின் அதியுயர் சிகரமான லோகனில், 5,959 மீட்டரில், தனியாகப் போய் நின்றார். அந்த மலையில் தனித்து உச்சி தொட்ட முதல் பெண் அவர்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி வாசிக்கும்போது நான் சிகரத்தின் உயரத்தை விட்டுவிட்டு அவர்களுடைய சம்பளமும் லீவும் எங்கிருந்து வந்தன என்றுதான் தேடுவேன். தொழில் புத்தி. ஜுன்கோ தபெய் 1975 மே 16இல் எவரெஸ்டில் ஏறிய முதல் பெண். ஜப்பானில் ஒரு பௌதிகச் சஞ்சிகையில் வேலை பார்த்தார். செலவுக்காகப் பியானோவும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். கார் இருக்கை உறையை வெட்டி நீர்புகாக் கையுறை தைத்தார். பணம் கேட்டுப் போன இடத்தில், வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கலாமே என்றார்கள். அப்போது மகளுக்கு மூன்று வயது. உச்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் பனிச்சரிவில் புதைந்து, தோண்டி எடுக்கப்பட்டு, அதன் பிறகும் ஏறினார். 2023 மே 23இல் தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்ணான முத்தமிழ்ச்செல்வி, விருதுநகர் மாவட்டத்துக்காரர், ஜப்பானிய மொழி ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். 2016 மே 21இல் இலங்கையின் முதல் ஆளாக, ஆண் பெண் இருபாலிலும் முதல் ஆளாக, அங்கே நின்ற ஜயந்தி குரு உதும்பல பெண்ணுரிமைத் துறையில் வேலை செய்தவர்.

மூவருமே முழுநேர மலையேறிகளாகத் தொடங்கவில்லை. பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி ஆண் மலையேறிகளிடம் எழுவதை நான் வாசித்த நினைவில்லை. தபெயின் கணவரும் மலையேறிதான். அவர் துணையாக நின்றார் என்பதைத் தனிச் செய்தியாக எழுதுகிறோம். எனக்கு அது எரிச்சல்.

கீழே இறங்கி ஆற்றோரமாக நடந்தோம். ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கே குளிர்கால லீவு இருந்தது. ஆறு உறைந்தால் கப்பல் இல்லை, வேலை இல்லை. பனி உடைந்ததும் முதலில் வந்துசேரும் கடற்கப்பலின் கப்டனுக்குத் தங்கப்பூண் கைத்தடி கொடுக்கும் வழக்கம் 1840இலிருந்து நடக்கிறது. 1964இலிருந்து பனிக்காலத்திலும் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. வழக்கத்தை விடாமல் புத்தாண்டையொட்டி வரும் முதல் கப்பலுக்கு இப்போது தடியைக் கொடுக்கிறார்கள். வேலைக்கு இடைவெளி தேவையில்லை என்று ஆகிவிட்டால் ஆற்றின் லீவைக்கூடப் பறித்துவிடுகிறார்கள் என்றேன். "அதால சம்பளம் வருசம் முழுக்க வருதெல்லோ?" என்றாள் மச்சாள். அவளுடைய கணவர் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். மறுத்துப் பேச வாய் வரவில்லை.

எனவே நான் மலையை வேலைக்கேற்பத் தேர்ந்தெடுக்கிறேன், வேலையை மலைக்கேற்ப அல்ல. லோகனுக்கு மே, ஜூன் வேண்டும், கிடைக்காது. பெருவின் மலைகளுக்கு ஜூலை, ஓகஸ்ட் பொருந்தும். ஆர்ஜென்டினாவின் அக்கொன்காகுவா, 6,961 மீட்டர், டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை. ஜனவரியில் எங்கள் மேசைகளில் இன்னும் தாள் குவிவதில்லை. மேலாளரிடம் ஏற்கெனவே பேரம் பேசிவிட்டேன்: நத்தார் வாரம் முழுக்க மற்றவர்களுக்குப் பதிலாக நான் நிற்பேன், ஜனவரியில் மூன்று வாரம் எனக்கு விட வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை.

நாளை இரயிலில் கியூபெக் நகரம்.

(தொடரும்)