இலை கொட்டும் மாதம்

எங்கள் தோட்டப் பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பறையில் ஒரு பழைய நாட்காட்டி தொங்குகிறது. ஆண்டு முடிந்து வெகு நாளாகிவிட்டாலும் படங்களுக்காக அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு படங்களும் ஜப்பான் நாட்டு மலையூர் ஒன்றைக் காட்டுபவை. ஒரே மலை, ஒரே ஓடை. ஏப்ரலில் செர்ரிப் பூ. ஜூலையில் பச்சை வயல். நவம்பரில் தீப்பற்றியது போல் சிவந்த இலைகள். ஜனவரியில் கூரையெல்லாம் பனி.

சென்ற ஆண்டு ஒரு நாள் பருவங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"சார், அவங்க ஊருக்கு நாலு காலம் இருக்கு. நம்ம ஊருக்கு ஏன் ஒண்ணுமே இல்ல?"

"ஏன் இல்லை? வெயில் காலம், மழைக் காலம் இருக்கிறதே!" என்றேன்.

"அது தினமுமே வருதே சார்! காலையில வெயில், சாயந்தரம் மழை!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

நாங்கள் குடியிருப்பது ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கே, தங்காக் பட்டணத்தில். வாசலில் நின்று பார்த்தால் லேடாங் மலை தெரியும். அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அந்தச் சிறுமி கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிய அம்மா மலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"காலமா இல்ல? முப்பது வருசம் அந்த மலையப் பார்த்துத்தான்யா உளியத் தூக்கினேன். மலை தொப்பி போட்டா மழை. மலை கிட்ட வந்த மாதிரி இருந்தா மறுநாள் மழை. மலையே காணோம்னா அன்னிக்குப் பட்டினி."

"மலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா, அம்மா?"

"எங்கய்யா போறது? காலையில பெரட்டு, மத்தியானம் பால் ஸ்டோரு, சாயந்தரம் அடுப்பு. அடிவாரத்துல இருந்தும் ஒரு நாள் போனதில்ல."

அன்றே ஒரு முடிவு செய்தேன். ஓராண்டில் நான்கு முறை அம்மாவை அந்த மலைப் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டும். அம்மா ஆசை தீரப் பார்க்கட்டும். மாணவிக்கும் பதில் கிடைக்கட்டும்.

முதற் பயணம் ஆடி மாதம். தங்காக்கிலிருந்து சிகாமட் செல்லும் சாலையில் சாகில் வரும் வரை இருபுறமும் டுரியான் கடைகள். காரின் கண்ணாடியை ஏற்றி வைத்தாலும் மணம் உள்ளே நுழைந்துவிடும். மார்ச், ஏப்ரல் வாக்கில் நல்ல வறட்சி அடித்தால்தான் டுரியான் பூக்கும். அந்தப் பூ இரவில் மலரும். தேன் குடிக்க வரும் வௌவால்களே பெரும்பாலும் மகரந்தத்தைச் சேர்க்கும். பூத்த மூன்று, நான்கு மாதங்களில் பழம் தானே விழும். வௌவாலை விரட்டுபவன் டுரியானையும் விரட்டுகிறான் என்று அர்த்தம். இதை என் மாணவர்களுக்குச் சொன்னபோது அவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

சாகில் அருவியடியில் அம்மாவையும் மனைவியையும் பாயில் உட்கார வைத்துவிட்டு, நானும் இரண்டு ஆசிரிய நண்பர்களும் வழிகாட்டி ஒருவருடன் மலையேறினோம். லேடாங்கின் உயரம் 1276 மீட்டர். ஜொகூரில் இதுவே மிக உயர்ந்த மலை. கீழே ஓங்கி வளர்ந்த மரங்கள் ஏற ஏறக் குட்டையாகின்றன. கிளைகளில் பாசி தாடி போல் தொங்குகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும் என்று பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோமே, அதை அன்று என் தோலே உணர்ந்தது.

வழியில் பாறைகளின் நடுவே கெண்டிச் செடிகளைப் பார்த்தோம். மலாய்க்காரர்கள் இதைக் குரங்கின் சட்டி என்று பொருள்படும்படி 'பெரியோக் கெரா' என்கிறார்கள். 1854-ஆம் ஆண்டு ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் இம்மலையில் ஏறினார். அன்று இதற்கு ஒஃபிர் மலை என்று பெயர். தாகம் தாங்காமல், பூச்சிகள் மிதந்த அந்தக் கெண்டிகளின் நீரைத்தான் அவரும் உடன் வந்தவர்களும் குடித்தார்களாம். நானும் ஒரு கெண்டியை எட்டிப் பார்த்தேன். பூச்சி மிதந்தது. என்னிடம் புட்டித் தண்ணீர் இருந்ததால் வாலஸின் வீரத்தை நான் சோதிக்கவில்லை.

உச்சியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. நான் பிறந்த தோட்டம் எங்கே என்று தேடினேன். அங்கே பால்மரங்கள் வெட்டப்பட்டு வெகு காலமாகிறது; லயங்களையும் இடித்துவிட்டார்கள். மேலிருந்து பார்க்கும்போது எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரிதான் இருந்தது. என் ஊரை என்னாலேயே அடையாளம் காட்ட முடியவில்லை.

இறங்கி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இளவரசியப் பார்த்தியா?" என்பதுதான். மலாக்கா சுல்தான் இந்த மலையின் இளவரசியைப் பெண் கேட்டாராம். அவளோ தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம் என்று அடுக்கி, கடைசியில் சுல்தானின் மகனுடைய இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டும் என்றாளாம். சுல்தான் திரும்பிவிட்டார். தோட்டத்தில் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதைதான் இது.

"பிள்ளையோட ரத்தத்தக் கேட்டா எந்தப் பெத்தவன்யா குடுப்பான்? அவ வேணாம்னு சொல்றதுக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கா," என்றார் அம்மா.

வறண்ட மாதங்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2013 ஜூன் 23-ஆம் நாள் மூவாரிலும் லேடாங்கிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று சொல்லப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு மூவாரில் 746 வரை போனது. அந்த நாட்களில் மலை இருந்த திசையில் பழுப்பு நிறம்தான் தெரிந்தது. இது இயற்கை தந்த பருவம் அன்று. காட்டுக்குத் தீ வைத்த மனிதன் தந்தது.

இரண்டாம் பயணம் ஐப்பசியில், தீபாவளி கழிந்து. அது இரண்டு பருவக் காற்றுகளுக்கு இடைப்பட்ட நேரம். காலையில் மலை கழுவி வைத்தது போல் இருக்கும். பிற்பகலில் இடி இறங்கும். அருவிக்குப் போகும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம்; மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வெள்ளம் திடீரென்று இறங்கும். 'கெப்பாலா ஆயர்' என்பது அதுதான். 2021 ஆகஸ்டு 18 அன்று கெடாவின் ஜெராய் மலையில் இப்படி இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, துணிமணியைக்கூடப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள்.

மூன்றாவது மார்கழி. வடகிழக்குப் பருவமழை. மலை இருந்த சுவடே இல்லை. அடிவாரத்துத் தேநீர்க் கடையில் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடித்த வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சிகாமட், மூவார், கோத்தா திங்கி என்று ஊர் ஊராக நீரில் நின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்.

"எங்களுக்கு அவ்வளவு தண்ணி வேணாம்யா," என்றார் அம்மா. "விடிகாலையில அரை மணி நேரம் தூறினாப் போதும். மரப்பட்டை நனைஞ்சா வெட்டு கிடையாது. வெட்டின பிறகு பெய்ஞ்சா மங்குல இருக்குற பால் எல்லாம் தண்ணியோட வழிஞ்சு போயிடும். வெட்டு இல்லன்னா அன்னிக்குக் கூலியும் இல்ல."

நான் மழை நாட்களைப் பள்ளிக்கூடத்துக் கூரையின் தாளமாகவே நினைவில் வைத்திருந்தேன். மழை பெய்தால் அம்மா வீட்டில் இருப்பார்; சூடாக வறுத்த கடலை கிடைக்கும் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அம்மா ஏன் அடிக்கடி வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான்காம் பயணம் மாசி மாதத்தில். இதற்காகவே நான் ஆண்டு முழுவதும் காத்திருந்தேன் என்று சொல்லலாம். சாகில் பக்கத்தில் ஒரு மலாய்ச் சிறு தோட்டக்காரர் இன்னும் சில ஏக்கர் பால்மரம் வைத்திருக்கிறார். அனுமதி கேட்டு உள்ளே போனோம். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறட்சியில் பால்மரம் தன் இலையை எல்லாம் உதிர்க்கும். உதிர்வதற்கு முன் இலை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவந்து நிற்கும். பின்பு செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும். எங்கள் வகுப்பு நாட்காட்டியில் நவம்பர் மாதத்தில் இருக்கும் படம் என் கண்முன்னே விரிந்து கிடந்தது. பின்னணியில் லேடாங் மலை தெளிவாக நின்றது. காற்று அடிக்க இலைகள் சரசரவென்று இறங்கின.

"அம்மா, ஞாபகமிருக்கிறதா? சின்ன வயதில் இந்தச் சருகைக் குவித்து அதிலே புரண்டு விளையாடுவோமே! இந்த மாதம் வந்தால் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!" என்றேன்.

அம்மா குனிந்து ஒரு சிவந்த இலையை எடுத்தார். வெகு நேரம் பேசவில்லை.

"உனக்கு இது விளையாட்டு மாசம். எனக்கு இது கடன் மாசம்," என்றார் பிறகு. "இலை கொட்டினா பால் குறைஞ்சிடும். அப்புறம் வெட்டையே நிறுத்திடுவாங்க. புல்லு வெட்டுற வேலை கொஞ்ச பேருக்குத்தான் கிடைக்கும். நீ புகுமுக வகுப்புக்குப் போன வருசம் பஸ் காசுக்கும் புத்தகத்துக்கும் வழியில்ல. தோட்டை அடகு வெச்சேன். தளிர் விட்டு, வெட்டு தொடங்கினதும் மீட்டுடலாம்னு நெனச்சேன். முடியல. மூழ்கிப் போச்சு."

எனக்குச் சட்டென்று ஒரு காட்சி தோன்றியது. அந்த நாட்களில் அம்மாவின் காதில் வேப்பங்குச்சி இருக்கும். ஏன் என்று நான் கேட்டபோது, "காது புண்ணாயிடுச்சுய்யா, வேப்பங்குச்சி வெச்சா ஆறிடும்," என்றார். நானும் நம்பினேன். எவ்வளவு நாள் ஆறாத புண் அது என்று கணக்குப் பார்க்கும் வயதும் புத்தியும் எனக்கு அன்று இல்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியனாகிய பின்பும் இந்த ஒரு கணக்கை நான் போட்டுப் பார்க்கவேயில்லை.

நான் அழகு என்று நெஞ்சில் வைத்திருந்த பருவமும் அம்மா அஞ்சிய பருவமும் ஒன்றே. நான் புரண்ட சருகு அம்மாவின் தலையில் இறங்கிய கடன்.

வீடு திரும்பும் வழியில், "அம்மா, நாளைக்கே கடைக்குப் போய் ஒரு சோடித் தங்கத் தோடு வாங்குவோம்," என்றேன். அம்மா தம் கவரிங் தோட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு? காலம் இல்லைன்னு கேட்டுச்சே ஒரு புள்ள, அதையும் மத்த புள்ளைங்களையும் இங்க கூட்டிக்கிட்டு வா. அந்தக் காசுல பஸ் பிடி."

அப்படியே செய்தேன். தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, பெற்றோர் சிலர் துணைக்கு வர, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை அதே தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவர்களில் பலர் பட்டணத்திலிருந்து வேனில் பள்ளிக்கு வருபவர்கள்; பால்மரத்தைத் தொட்டே பார்க்காதவர்கள். எஞ்சியிருந்த சருகில் ஆசை தீரப் புரண்டார்கள். நான் தடுக்கவில்லை. பிறகு எல்லாரையும் உட்கார வைத்து, அம்மாவைப் பேசச் சொன்னேன். அம்மா உளி பிடிக்கும் விதத்தை ஒரு குச்சியால் காட்டினார். கடன் மாதத்தைப் பற்றியும் சொன்னார்.

அந்தச் சிறுமி ஒரு சிவந்த இலையை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது அது எங்கள் வகுப்புச் சுவரில், ஜப்பான் நாட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே அவளே எழுதியிருக்கிறாள்: "மாசி மாதம். இலை கொட்டும். பாட்டிமார்களுக்குச் சம்பளம் குறையும்."

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். கார், கூதிர் என்று பெயர் வைத்தார்கள். இந்த மண்ணுக்கு வந்த நம் தாத்தா பாட்டிமார் வேறு பொழுதுகளை அறிந்தார்கள். பழம் விழும் காலம், இடி இறங்கும் காலம், மலை மறையும் காலம், இலை கொட்டும் காலம். இவை எந்தப் பாடநூலிலும் இல்லை. உங்கள் வீட்டிலும் பழைய உளி பிடித்த கை ஒன்று இருக்கலாம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர்களைக் கேளுங்கள். நான் கேட்பதற்கு நாற்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம்.